சபை நடத்தும் சின்ன நடுநிலைப் பள்ளி: பழைய மாணவர் பணத்தை எதில் போடலாம்?

தேரிக்காட்டான்:
எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம். திருச்சபை நடத்துகிற அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்று ஊரில் இருக்கிறது, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. நான் படித்த காலத்தில் பெஞ்சில் இடம் கிடைக்காது, இப்போது எட்டு வகுப்பையும் சேர்த்தே அறுபது சொச்சம் பிள்ளைகள்தான். ஆனாலும் பள்ளி சும்மா இல்லை. போன வருஷம் எட்டாப்பில் இரண்டு பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினார்கள், அதில் ஒரு பெண்ணின் அம்மா ஓலைப்பெட்டி முடைந்து பிழைக்கிறவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் (சபைப் போதகர்) இரண்டு பேரையும் முன்னால் கூப்பிட்டு சால்வை போட்டார். அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றிய பிறகுதான் சென்னை, திருப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிற எங்கள் செட்டுக்குப் பள்ளி என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது.

இப்போது பணம் சேர்கிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் மாதாமாதம் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எதற்குச் செலவழிப்பது என்பதில்தான் சண்டை. நுழைவு வளைவு கட்டிப் பெயர் பொறிக்கணும் என்று ஒரு கூட்டம், ஸ்மார்ட் போர்டு வாங்கணும் என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டுமே மனசுக்கு ஒட்டவில்லை, ஆனால் வேறு என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருஷமும் பிள்ளைகள் தேறணும், இருக்கிறவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போகாமல் இருக்கணும். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
தம்பி, அரசாங்கம் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்குச் சம்பளம் அரசு தருகிறது. பாடப்புத்தகம், சீருடை, மதிய உணவு வருகிறது. ஊரகத்து உதவி பெறும் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் 2024 ஜூலை 15 முதல் வந்துவிட்டது. அதைத் தொடங்கி வைத்த இடமே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் உதவி பெறும் பள்ளிதான். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும், உங்கள் ஆறு, ஏழு, எட்டுக்குக் கிடையாது. அப்புறம் ஓடு மாற்ற, கழிப்பறை கழுவ ஆள் வைக்க, தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க என்று வருகிற செலவெல்லாம் பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில். சின்ன சபை என்றால் அந்தத் தலையில் ஏற்கெனவே நிறையச் சுமை.

அடுத்தது ஆள். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். தொடக்க வகுப்புகளில் அறுபது வரைக்கும் இரண்டு ஆசிரியர், அவ்வளவுதான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரம் பதிவேற்றம், கூட்டம், பயிற்சி என்று போய்விட்டால் மீதி ஒருவர் எல்லாரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு சமாளிக்கணும். இந்த நிலைமையில் ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தால் அதைத் துடைக்கவும் அந்த டீச்சர்தான் வரணும். உங்களுக்கு வேண்டியது சுவரில் மாட்டுகிற பொருள் இல்லை, மாலையில் பிள்ளைகளோடு உட்கார ஒரு ஆள். பி.எட். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற ஒரு பெண்பிள்ளை உங்கள் ஊரிலேயே இருக்கும். நாலரையிலிருந்து ஆறரை வரை, ஜூன் முதல் மார்ச் வரை, மாதம் பிறந்தால் சம்பளம் கையில் இருக்கும் என்று உறுதி கொடுங்கள். கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். மத்தியானம் சாப்பிட்ட பிள்ளை ஐந்து மணிக்குக் கணக்குப் போடாது.

இது புதுசா என்றால் இல்லை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியபோது அந்தப் பிள்ளைகள் பின்னிய லேஸை விற்ற பணமும் சேர்ந்துதான் செலவு ஓடியது. நம் பக்கத்தில் கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைத்து சபைக்குக் கொண்டுவருகிற வழக்கம் என் அம்மா காலம் வரை இருந்தது. ஒரே நாளில் பெரிய தொகை என்று இல்லாமல் சின்னதாக, நிற்காமல் வந்த பணத்தில்தான் இந்தப் பள்ளிகள் நடந்தன.

குவைத்காரன்:
எல்லாரும் வளைவு என்றால் சிரிக்கிறீர்கள். நான் நேராகச் சொல்கிறேன், பெயர் கல்லில் வந்தால்தான் பணம் வரும். மாலை வகுப்புக்குக் கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியாது, இரண்டாம் வருஷம் பாதிப் பேர் குழுவை விட்டே போய்விடுவான். எங்கள் ஊரில் அப்படித்தான் ஆயிற்று. ஒரு பலகையாவது வையுங்கள்.

எட்டாப்பு டீச்சர்:
வருஷா வருஷம் என்.எம்.எம்.எஸ்.க்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியிருப்பது 6,695 இடம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள்தான் எழுத முடியும். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்குள் இருக்கணும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்கணும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000, மொத்தம் 48,000 ரூபாய். ஓலைப்பெட்டி முடைகிற வீட்டுக்கு இது என்ன தொகை என்று உங்களுக்கே தெரியும்.

தாள் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. சாட் என்பது அறிவியல், சமூகம், கணக்கு, அதை வகுப்பிலேயே நடத்திவிடலாம். பிள்ளைகள் விழுகிற இடம் மேட் என்கிற மனத்திறன் பகுதி. எண் தொடர், குறியீடு, மறைந்திருக்கிற உருவம் என்று பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகள். அது பழக்கத்தால் மட்டுமே வரும், அதனால் எட்டாம் வகுப்பில் தேர்வு நெருங்கும்போது ஆரம்பிக்கக் கூடாது, ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையிலேயே ஆரம்பிக்கணும். பழைய வினாத்தாளை ஜெராக்ஸ் போட்டு, ஓ.எம்.ஆர். தாளில் நிரப்பவும் பழக்குங்கள். விடை தெரிந்தும் வட்டத்தை மாற்றி நிரப்பிவிட்டு வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த ஜெராக்ஸ் செலவைப் பல இடத்தில் டீச்சர்தான் கைக்காசில் போடுகிறார், அதை உங்கள் குழு ஏற்றுக்கொண்டால் போதும், கும்பிடுவோம்.

தேறிய பிறகு நடக்கிற கூத்து வேறு. ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி பெயர் இருந்தால் பணம் வராது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். பிள்ளை எட்டு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விடுகிறது, அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் தொகை நின்றுவிடும். மெட்ரிக் பள்ளியில் சேர்த்தாலும் போச்சு. பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் இல்லாவிட்டாலும் அத்தோடு முடிந்தது. அண்ணாச்சி, உங்கள் குழுவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர், சென்னையில் உட்கார்ந்தபடியே, தேறிய பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு நாலு வருஷம் பின்தொடர்ந்தால் அது வளைவைவிடப் பெரிய காரியம்.

டி.சி. விஷயத்தில் மட்டும் உங்கள் பணத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. விவரம் தெரிந்த பெற்றோர் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கணக்குப் போடத்தான் செய்வார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லூரியில் சேர்ந்ததும் மாதம் 1,000 தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டும் இப்போது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள், அதற்குக் காசு வேண்டாம்.

கீழத்தெரு அப்பா:
நான் கிறிஸ்தவன் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் இதே மாதிரி ஒரு சபைப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், நானும் அங்கேதான் படித்தேன். எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் எங்கள் தெருப் பிள்ளைகள். ஆனால் பள்ளிக்கு ஏதாவது வேண்டும் என்றால் அறிவிப்பு சபைக் கோயிலுக்குள்ளே, ஆராதனையில் மட்டும்தான் வரும், எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. அம்மன் கோயில் கொடை விழாவுக்குத் தலைக்கட்டு வரி எடுத்து வில்லுப்பாட்டு, வாணவேடிக்கை எல்லாம் நடத்துகிற ஊர் இது, பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு நாலு மூட்டை சிமெண்ட் தரமாட்டோமா? கேட்டால்தானே. தேறிய பிள்ளைக்கு ஆராதனையில் சால்வை போட்டது நல்லது, ஆனால் தேறியது எங்கள் தெருப் பிள்ளையாக இருந்தால் அதன் அப்பன் எங்கே நின்று பார்ப்பான்? பள்ளி முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், ஐயரும் வரட்டும், கொடைக் கமிட்டித் தலைவரும் வரட்டும்.

தேரிக்காட்டான்:
கீழத்தெரு அப்பா சொன்னது எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும், இதை நாங்கள் குழுவில் பேசவே இல்லை. ஒரு சந்தேகம், துபாயில் இருக்கிறவர்கள் பணத்தை யார் கணக்கில் போடுவது? என் கணக்கில் போடச் சொல்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.

கணக்கு எழுதுகிறவன்:
உங்கள் சொந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம். சங்கத்தைப் பதிவு செய்து அதன் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, இரண்டு பேர் கையெழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முறைப்படி வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பத்து ரூபாய் வந்தாலும் ரசீது, செலவுக் கணக்கு மாதாமாதம் குழுவில். குவைத்காரர் கேட்ட பெயர்ப்பலகைக்கும் அதுவே வழி, கொடுத்தவர் பெயரையும் அந்த மாதம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:
இன்னொன்று தம்பி, ஆள் வைப்பதற்கு முன்னால் தாளாளரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாலை வகுப்பு முடிகிற நேரத்தில் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்பதையும் பெற்றோரோடு பேசி முடியுங்கள். எங்கள் பள்ளியில் ஆறரையை ஆறு ஆக்கிய பிறகுதான் எல்லாரும் அனுப்பினார்கள்.