மறுமொழி: டோனர் ஸ்ட்ராண்ட் – ‘கொடையிழை’யா, ‘இரவல் இழை’யா?

வணக்கம் ஐயா,

ஒரு புரதத்தின் பள்ளத்தை அடைக்க இன்னொரு புரதம் நீட்டும் இழைதான் ‘டோனர் ஸ்ட்ராண்ட்’. அதற்கு நீங்கள் சொன்ன ‘கொடையிழை’ காதுக்கு இதமான சொல்தான். ஆனால் அந்தப் புரதங்களின் படிக அமைப்பை (படிகமாக்கிக் கண்டறிந்த வடிவத்தை) பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எனக்கு உறுத்துகிறது. கொடை என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். பேப்-டி புரதம் அப்படிக் கொடுத்துவிடுவதில்லை.

சிறுநீர்ப்பாதையில் தொற்றும் ஈ. கோலை பாக்டீரியாவின் மேற்பரப்பில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் பிலஸ், பிலின் புரதங்களை வரிசையாகக் கோத்த சரம். கோக்கும்வரை ஒவ்வொரு பிலினையும் கெடாமல் பிடித்துவைத்திருப்பது பேப்-டி. 1989இல் ஹோம்கிரென், பிராண்டன் இருவரும் அதன் படிக அமைப்பை வெளியிட்டார்கள். வளைதடி போல இரண்டு களங்கள் (தனித்தனியாக மடிந்த பகுதிகள்), இரண்டிலும் இம்யூனோகுளோபுலின் மடிப்பு, அதாவது எதிர்ப்புரதங்களில் காணும், இழைகளை அடுக்கிய மடிப்பு. அது பிலினை எப்படிப் பிடிக்கிறது என்பது 1999இல்தான் தெளிவானது. பேப்-டியும் பேப்-கே என்ற பிலினும் சேர்ந்த படிகம் ஒன்று, பேப்-டி போன்ற ஃபிம்-சியும் அது பிடிக்கும் ஃபிம்-எச்சும் சேர்ந்தது இன்னொன்று.

பிலினுக்கும் அதே மடிப்புதான், ஆனால் கடைசி இழையான ஏழாவது இல்லை. முடைந்த பாயில் ஒரு கோரையை உருவிவிட்டதுபோல நீளப் பள்ளம். நீர் படாமல் உள்ளே இருக்கவேண்டிய பகுதி திறந்து கிடக்கிறது. பேப்-டி தன் இழைகளில் ஒன்றான ஜி1ஐ அதில் வைத்து அடைக்கிறது. அப்புறம் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருந்து பிலஸைக் கோத்து வெளியேற்றும் அஷர் புரதத்தில், அடுத்து வரும் பிலினின் முன்முனை நீட்சி பள்ளத்தின் ஒரு முனையில் நுழைந்து, ஜிப் இழுப்பதுபோல ஜி1ஐக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துவிடுகிறது. பேப்-டி தன் இழையோடு கிளம்பிவிடும்.

இது இரவல் இல்லாமல் வேறென்ன? இரவல் சட்டை போல அது பொருந்துவதும் அரைகுறைதான். இந்த மடிப்பில் ஏழாவது இழை பக்கத்து எஃப் இழைக்கு எதிர்த்திசையில் ஓடவேண்டும். ஜி1 எஃப் ஓடும் திசையிலேயே ஓடுகிறது. அடுத்த பிலினின் நீட்சி வந்த பிறகே திசை சரியாகிறது.

அதனால் ஜி1க்கு ‘இரவல் இழை’, நிலைத்துவிடும் நீட்சிக்கு உங்கள் ‘கொடையிழை’, நடுவில் நடப்பதற்கு ‘இழைமாற்று’ என்று வைத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. பிலஸை ‘நுண்ணிழை’ என்றால் இந்த இழைகளோடு குழம்பும். லத்தீனில் பிலஸ் என்றாலே மயிர்தான். ‘நுண்மயிர்’ என்றே எழுதலாம். வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற தயக்கம் புரிகிறது. மயிர்க்கூச்செறிதல் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறோமே, சரியான சொல்லை ஏன் விடவேண்டும்?