மகோகனி உகுலேலேயில் வெடிப்பு: திருத்துபவர் தேவை

திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மாமா தந்த பழைய சொப்ரானோ (மிகச் சிறிய அளவு) உகுலேலே ஒன்று உள்ளது; நான்கு தந்திகள் கொண்ட, சிறிய கிற்றார் போன்ற வாத்தியம் அது. முழுவதும் திட மகோகனி; உள்ளே பெயர்ச்சீட்டு இல்லை; பிரடைகள் வீணையில் உள்ளவை போல உராய்வில் நிற்பவை; தந்தி நீளம் 13 அங்குலம்.

கடந்த மாரியில் மேற்பலகை உப்பித் தந்திகள் உயர்ந்தன. ஆடியில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கிய இரண்டாம் வாரம், குதிரையின் (மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டையின்) அடியிலிருந்து மர இழையோடு 4 சென்ரிமீற்றர் அளவில் வெடிப்பு விழுந்தது. அன்றிலிருந்து சி தந்தி இரைகிறது. தந்திகளை மாற்றினேன், பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்தேன். வெடிப்பு ஒடுங்கியதே தவிர இரைச்சல் போகவில்லை. தளபாடத் தச்சர் ஒருவர் வெள்ளைப் பசை ஊற்றலாம் என்றார். பழைய வாத்தியங்களுக்குச் சூட்டில் இளகிப் பிரிக்கத்தக்க தோல்பசையே (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) உகந்தது என்பதால் கொடுக்கவில்லை.

நண்பரின் லமினேட் உகுலேலே இதே காற்றில் அசையாமல் நிற்கிறது. மெல்லிய மர அடுக்குகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுவதால் அதில் சுருக்கம் குறைவு; ஆனால் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவதால், அதற்கு மாற மனம் ஒப்பவில்லை.

இந்த வெடிப்பைத் தோல்பசையால் ஒட்டி, உட்புறம் மரச்சில்லு வைத்துத் திருத்தக்கூடியவர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருக்கிறாரா?