ரெண்டு வயசு ஆகாத புள்ளைக்கு டிவி: நிறுத்தியே ஆகோணுங்களா?

நூல்சிட்டு (திருப்பூர்):
எம் பொண்ணுக்கு இப்ப 20 மாசம். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி, எனக்கு செக்கிங் அவருக்கு கட்டிங், ஒன்றரை ஷிப்ட்டுன்னா ஊடு வந்து சேர ராத்திரி 9 ஆயிருது, புள்ளைய அத்தைதான் பாத்துக்கறாங்க. டிவில பாட்டு ஓடுனாத்தான் வாயத் தொறக்குது, இல்லீன்னா துப்பீருது. தடுப்பூசிக்குப் போனப்ப டாக்டர் ரெண்டு வயசு வரைக்கும் டிவியே ஆகாதுன்னுட்டார். அத்தைகிட்ட சொன்னா, "அப்ப வேலைய உட்டுட்டு நீயே வந்து ஊட்டு"ங்கறாங்க. கேபிளையே கட் பண்ணிரலாமான்னு இருக்குதுங்க.

தறிக்காரன் (சோமனூர்):
ஏனுங் தங்கச்சி, டாக்டருக்கென்ன, சொல்லிப்போட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருவாரு. எங்கூட்ட ஒட்டியே தறிக்குடோன், நானும் சம்சாரமுந்தான் ஓட்டறோம், நூல் அந்தா முடிச்சுப் போடோணும் தார்க்குச்சில நூல் தீந்தா மாத்தோணும், பையன் ஒன்றரை வயசுல உள்ளார ஓடியாந்து பெல்ட்டுல கைய வெக்கப் போயிட்டான், அன்னைக்கிருந்து கதவைச் சாத்தி டிவி முன்னால உக்கார வெச்சதுதான். கெட்டாப் போயிட்டான்? மூணாவது படிக்கறான், வாய் ஓயாது. நாமெல்லாம் டிவி பாக்காமயா வளந்தோம்?

வாய்க்காமேடு (கோபி):
"நாமளும் பாத்தோம்"ங்கறது செல்லாதுங்ணா. நம்ம காலத்துல பொழுதோட தூர்தர்ஷன் சித்த நேரம், அதுலயும் பாதி நேரம் ஆண்டெனா திருப்பறதுலயே போயிரும். சுட்டி டிவியே 2007-லதான் வந்துச்சு. இப்ப யூடியூப்ல ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்தது தானா ஓடுது. அப்பறம், டாக்டர் வாய்க்கு வந்ததச் சொல்லலீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொன்னதுதான், 2 வயசு ஆகற வரைக்கும் வேண்டாம், 2-ல இருந்து 4 வயசு வரைக்கும் நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம், கொறஞ்சா இன்னும் நல்லது. 1 வயசு முடிஞ்ச புள்ள ஒரு நாளைக்கு 3 மணி நேரமாவது ஓடியாடோணும், பகல் தூக்கத்தோட சேத்து 11-ல இருந்து 14 மணி நேரம் தூங்கோணும்னும் அதுலயே இருக்குது. சோறு, குளிப்பாட்டறது எல்லாம் கழிச்சுப் பாருங்க, மிச்சம் எத்தன?

தறிக்காரன் (சோமனூர்):
அமெரிக்கா குழந்தை டாக்டருங்க சங்கமும் 1999-ல 2 வயசுக்குள்ள டிவியே வேண்டாம்னாங்க, 2016-ல அவங்களே 18 மாசம்னு எறக்கிட்டாங்க. அந்தக் கணக்குல தங்கச்சி புள்ள பாஸு 😀

வாய்க்காமேடு (கோபி):
பாதியப் படிச்சுட்டு வராதீங்ணா. 18 மாசத்துக்குள்ள வீடியோ கால் மட்டும் பரவால்லைன்னாங்க, 18-ல இருந்து 24 மாசத்துக்கு நல்ல நிகழ்ச்சியாப் பொறுக்கி பெரியவங்க கூட உக்காந்து பாக்கோணும்னாங்க. உங்கூட்டுல கூட உக்காந்தது யாரு, தறியா?

தறிக்காரன் (சோமனூர்):
அதைத்தானுங் நானும் சொல்றேன். கூட உக்கார ஆளிருந்தா டிவி எதுக்கு?

பால்வாடி டீச்சர் (தாராபுரம்):
அண்ணன் சொல்றதுல ஞாயம் இல்லாம இல்ல, பெல்ட்டா டிவியான்னா நானும் டிவின்னுதான் சொல்லுவேன். ஆனா தங்கச்சி ஊட்டுல தறி ஓடலையே. எங்க சென்டர்ல பாக்கறேன், டிவி முன்னாடியே வளந்த சில புள்ளைக ஏ பி சி டி பாட்டு முழுசாப் பாடும், "தண்ணி வேணும்"னு கேக்கத் தெரியாது. எல்லாப் புள்ளையும் அப்படின்னு சொல்லலீங்க, பேச்சு வரலீன்னா வேற காரணமும் இருக்கும், காது டெஸ்ட் பண்ணிப் பாக்கோணும். இந்த வயசுல டிவில கத்துக்கறத விட எதுக்க இருக்கற ஆளுகிட்டத்தான் எச்சாக் கத்துக்குது, அது கேட்டா நாம பதில் சொல்றோம், டிவி சொல்லுமா? சோறுதான் எனக்கு பெரிய கவலை. பாட்டப் பாத்துக்கிட்டே முழுங்கற புள்ளைக்கு வயிறு ரொம்புனது தெரியாது, வாயில இருக்கறது கீரையா பருப்பான்னும் தெரியாது. தட்டுல சித்த சோத்தப் பெசஞ்சு கையில குடுத்து உடுங்க, எறைக்கட்டும். இன்னொன்னு, புள்ள பாக்கலீன்னாலும் பெரியவங்க சீரியல் ஓடிட்டே இருந்தா அதுவும் கணக்குதான். சத்தத்துக்கு திரும்பித் திரும்பி வெளையாட்டு அறுந்துரும், நாமளும் புள்ளைகிட்டப் பேசறது கொறஞ்சு போயிரும்.

அம்மத்தா (பெருந்துறை):
பேரன் டைப் பண்றான், தப்பிருந்தா அவனக் கேளுங்க. ஏனம்மிணி, மாமியாளுக்கும் மூட்டு வலி இருக்காதா? எம் பொண்ணையெல்லாம் கட்டுத்தறில மாட்டக் காட்டி காக்காயக் காட்டி ஊட்டுனேன், திருப்பூர்ல லைன் வீட்டுல என்ன இருக்குது காட்டறதுக்கு? நாள் பூரா புள்ளையோட கெடந்தவளுக்கு ராத்திரி சீரியல் ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டா அவ எங்க போவா? மொதல்ல அவளுக்கு ஞாயித்துக்கிழமையாச்சும் லீவு குடு.

நூல்சிட்டு (திருப்பூர்):
அம்மத்தா சொன்னது சுருக்குன்னுச்சு. கேபிள கட் பண்ணல. ஞாயித்துக்கிழமை நானே ஊட்டுனேன், டிவி இல்லாம, வாசப்படில உக்காந்து போற வண்டிய எண்ணிக்கிட்டே. முக்கா மணி நேரம் ஆச்சு, பாதி சோறு கோழிக்குத்தான் போச்சு. இப்ப மத்தியானம் மட்டும் அத்தையும் அப்படியே பண்றாங்க, காலைல இன்னும் பாட்டுதான். சீரியல் மட்டும் புள்ள தூங்குனதுக்கப்பறம் வெக்கச் சொல்லிக் கேட்டேன், "அது 7 மணிக்குத்தான் போடறான், உம் புள்ள 10 மணிக்குத்தான் தூங்குது"ங்கறாங்க. அதுக்கு வழி தெரியல.

தறிக்காரன் (சோமனூர்):
அடுத்த வாரம் வந்து சொல்லுங் தங்கச்சி, ரிமோட்டு இப்ப யாரு கையிலன்னு.