ஆயில் மூடியில் வெண்பசை: ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டர்கூட ஓடாத டர்போ காருக்கு எந்த ஆயில், எப்போது மாற்றுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 3 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் இரட்டை டர்போவும் கொண்ட, சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை என்ஜின் உள்ள கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. பல ஆண்டுகள் பணம் சேர்த்து வாங்கியது என்பதால் அதன் என்ஜினுக்குச் சிறு தீங்கும் வந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. வேலைப் பளுவால் ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட முடிவதில்லை. 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நானோ கிலோமீட்டரை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, 2,900 கிலோமீட்டர்தானே ஆகியிருக்கிறது என்று 26 மாதங்களாக அதே ஆயிலில் ஓட்டி வருகிறேன்.

பேட்டரி இறங்கிவிடாமல் இருப்பதற்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காரை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்துவிடுவது என் வழக்கம். சென்ற வாரம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது, அதன் உட்பக்கத்தில் வெளிர் மஞ்சள் நிறத்தில் களிம்பு போன்ற ஒரு பசை படிந்திருந்தது. விரலால் வழித்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால், நான் ஒரு சொட்டும் ஊற்றாத நிலையில், ஆயில் மேல் குறியைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்தபோது பெட்ரோல் வாடை வந்தது.

என்ஜினின் மேல்பாகத்தைக் கசிவில்லாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டதா என்பதுதான் என் முதல் பயம். அது இல்லையென்றால், இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், கையேட்டில் உள்ள 5டபிள்யூ-30 கிரேடு ஆயிலுக்குப் பதிலாகப் பந்தயக் கார்களுக்கான 10டபிள்யூ-60 ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்குமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

மறுமொழி 1

பணிமனையில் என்ஜின் பிரிக்கும் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும் என்றாலும், ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் இறங்குகிறது. என்ஜின் சூடாக இருந்தால் அந்த ஆவி வென்டிலேஷன் குழாய் வழியாக வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் உள்ளேயே நீராகப் படிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடி என்ஜினின் மிக உயரமான, மிகக் குளிர்ந்த இடங்களில் ஒன்று என்பதால் பசை முதலில் அங்கேதான் தெரியும். பெட்ரோல் கதையும் இதுவே. குளிர்ந்த என்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிறது. நேரடியாகப் பீய்ச்சும் என்ஜினில் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் ஒட்டி, ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கிவிடுகிறது. உங்கள் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

பத்து நிமிட ஐடிலில் இந்த இரண்டும் உள்ளே சேருமே தவிர, வெளியேறும் அளவுக்கு ஆயில் சூடாவதே இல்லை. டேஷ்போர்டில் கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் என்ஜின் சூடாகிவிட்டது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆயில் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் 80, 90 பாகை செல்சியஸைத் தொடும். அங்கே சில நிமிடமாவது நிலைத்து நின்றால்தான் தண்ணீர் ஆவியாகும். பெட்ரோல் வெளியேற அதைவிட நேரம் வேண்டும். ஆகவே ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் சாவியைத் தொடாமல் இருப்பதே என்ஜினுக்கு நல்லது. பேட்டரி இறங்காமல் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்றைத் தனியாக மாட்டிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்த மின்சாரத்தை ஈடுகட்டவே பத்து நிமிட ஐடில் தடுமாறும் என்பதால், அந்த வழக்கத்தால் பேட்டரிக்கும் பெரிய பயன் இருந்திருக்காது.

கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்க, என்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது கூலன்ட் தொட்டியில் ஒரு கோடு போட்டு வைத்து, அடுத்த மூன்று நான்கு ஓட்டங்களுக்குப் பின் அது இறங்குகிறதா என்று பாருங்கள். பசை மூடியில் மட்டும் இருந்து டிப்ஸ்டிக்கில் வரும் ஆயில் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அது ஈரப்பதம்தான். டிப்ஸ்டிக்கிலும் கலங்கலாக வந்தாலோ, சைலன்சரிலிருந்து இனிப்பு வாடையோடு வெண்புகை விடாமல் வந்தாலோ, அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆயில் கிரேடு பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில்தான் நல்ல எண்ணத்தோடு தவறு செய்பவர்கள் அதிகம்.

10டபிள்யூ-60 கெட்ட ஆயில் அல்ல. பி.எம்.டபிள்யூ எம்3 காரின் ஈ46 தலைமுறையில் இருந்த எஸ்54 என்ஜினுக்கு அந்த நிறுவனமே அதைத்தான் குறித்துக் கொடுத்தது. ஆனால் அது அந்த என்ஜினின் தேவை. உங்கள் என்ஜினின் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்ப்பும் வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பும் வேறொரு பாகுத்தன்மையை (கெட்டித்தன்மையை) எண்ணி அமைக்கப்பட்டவை. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் வகைப்பாட்டில், பின்னால் வரும் எண் சூட்டில் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது: 100 பாகையில் 30 கிரேடு ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுத்தன்மையின் அலகு) இருக்கும். 60 கிரேடோ 21.9க்கு மேல். வாரக்கணக்கில் நின்ற காரில், மேல்பகுதியிலிருந்து ஆயில் வடிந்துவிட்ட நிலையில், முதல் சில வினாடிகளில் கேம்ஷாஃப்ட்டுக்கும் டர்போ தண்டுக்கும் ஆயில் விரைந்து போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் தாமதமாகத்தான் போகும்.

பந்தயத்துக்கென்றே செய்த ஆயில் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அவற்றில் பல, சில பந்தயங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடப்படும் என்ற கணக்கில் தயாரிக்கப்படுபவை. அழுக்கைக் கரைத்து வைத்திருக்கும், அமிலத்தை முறிக்கும், துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் அவற்றில் குறைவாக இருக்கலாம். நின்றுகொண்டே இருக்கும் காருக்கு மிகவும் வேண்டியவை அந்தச் சேர்மானங்களே.

டப்பாவின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண் குறிப்பிடப்பட்டு, ஒப்புதல் பெற்றது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 'இந்தத் தரத்துக்கு ஏற்றது', 'பரிந்துரைக்கப்படுகிறது' என்பவை ஆயில் தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. கார் நிறுவனம் சோதித்து ஏற்றுக்கொண்டதற்கு அவை சமமாகா. டர்போவும் நேரடிப் பீய்ச்சலும் சேர்ந்த என்ஜின் என்பதால், ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரமும் குறித்திருந்தால் அது 2020இல் வந்த எஸ்.பி. அல்லது அதற்குப் பிந்தியதா என்று பாருங்கள். குறைந்த வேகத்தில் அதிக இழுவையின்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கு எதிரான சோதனை அந்தத் தரத்தில் உண்டு.

மறுமொழி 3

கால இடைவெளி பற்றி என் கருத்து சற்று மாறுபடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றியே தீர வேண்டும் என்பதை எல்லாக் காருக்கும் பொதுவான விதியாக நான் கொள்வதில்லை. என்னுடைய காரும் ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. ஆனால் வெளியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுவேன். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்த்ததில், 20 மாதங்களுக்குப் பின்னும் அமிலத்தை முறிக்கும் திறனைக் காட்டும் கார எண் நன்றாகவே நின்றது. ஆயிலைக் கெடுப்பது மாதங்களைவிட அந்த மாதங்களில் உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும்தான் என்பது என் அனுபவம்.

நீங்களும் பழைய ஆயிலை வடிக்கும்போது, முதலில் விழுவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை, உலர்ந்த சுத்தமான புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சோடியமும் பொட்டாசியமும் உயர்ந்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். ஈயமும் செம்பும் உயர்ந்திருந்தால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும்.

மறுமொழி 1 எழுதியவர்

நண்பர் சொல்வது சரியே. ஆனால் அது ஆயிலைச் சூடேற்றி ஓட்டுபவருக்கும், மாதிரி அனுப்பிப் பார்ப்பவருக்கும் மட்டுமே பொருந்தும். வாரன்ட்டி மீதமிருந்தால் கையேட்டில் உள்ள ஓராண்டுக் கணக்கைத் தாண்டவே கூடாது. கேட்டவரின் ஆயிலை இப்போதே மாற்றியாக வேண்டும், ஃபில்டரையும் சேர்த்து. அளவு மேல் குறியைத் தாண்டி நிற்பதால், வேகம் பிடிக்காமல் மெதுவாக ஒரு கால் மணி நேரம் ஓட்டி, இளஞ்சூட்டில் வடித்துவிடுங்கள். டிரெயின் பிளக்கின் நசுங்கும் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே போட்டு இறுக்கிச் சம்ப்பின் மரையை அறுத்துக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி வரும் ஆண்டுகளில், கார் மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்று தெரிந்தால், எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விடாமல், நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். அமிலமும் ஈரமும் ஏறிய பழைய ஆயிலில் பேரிங்குகள் அத்தனை மாதம் ஊறிக்கிடக்க விடக் கூடாது.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. கூலன்ட் தொட்டியில் போட்ட கோடு நான்கு ஓட்டங்களுக்குப் பின்னும் இம்மியும் இறங்கவில்லை. ஆய்வக முடிவும் வந்துவிட்டது: பெட்ரோல் 4 விழுக்காடு, தண்ணீர் 0.2 விழுக்காடு, சோடியமும் பொட்டாசியமும் இயல்பான அளவில், உலோகங்களில் கவலைப்படும்படி ஏதுமில்லை. புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 12 சென்டிஸ்டோக்ஸ் இருந்த ஆயில் 9.6க்கு இறங்கியிருக்கிறது. அதாவது 30 கிரேடின் அடித்தளத்துக்கே வந்துவிட்ட ஆயிலோடு இத்தனை நாள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியிருக்கிறேன் என்று எண்ணும்போது மனம் பதறுகிறது.

ஆயிலை மாற்றிவிட்டேன், மெயின்டெய்னர் சார்ஜரும் மாட்டிவிட்டேன். கையேட்டில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டுக்குமே ஒப்புதல் இருப்பதால், பெட்ரோல் கலப்பை எண்ணி இம்முறை 40 ஊற்றியிருக்கிறேன். அது சரியா?

மறுமொழி 2 எழுதியவர்

நிறுவனமே இரண்டையும் ஏற்றிருக்கும்போது தாராளமாக ஊற்றலாம். 40 கிரேடு 12.5 சென்டிஸ்டோக்ஸில் தொடங்குவதால், கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் தாங்குவதற்கு இடம் இருக்கும். உங்கள் பழைய 30 ஆயில் டப்பாவில் ஏ.சி.இ.ஏ. சி3 (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் தரம்) என்று போட்டிருந்தால், கடும் வெப்பத்திலும் வேகமாக நகரும் பாகங்களின் இழுப்பிலும் தாங்க வேண்டிய குறைந்தபட்சப் பாகுத்தன்மை, 40க்குப் போலவே அதற்கும் 3.5 மில்லிபாஸ்கல்-வினாடிதான், ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஐடிலை நிறுத்தியதுதான் பெரிய மாற்றம்.

ஆயில் வெப்பநிலை 80 பாகையைத் தொடும்வரை டர்போ முழுவேகம் எடுக்கும் அளவுக்கு அழுத்தாதீர்கள். அதுபோல வேகமாக ஓட்டி வந்தால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி நிறுத்துங்கள். கொதிக்கும் டர்போவுக்குள் நின்றுபோகும் ஆயில் அங்கேயே கரியாகிவிடும்.

கேட்டவர்

அப்படியே செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐம்பது நிமிடம் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டேன். நேற்று மூன்றாவது முறை ஓட்டிவிட்டு வந்து, என்ஜின் ஆறிய பின் மூடியைத் திறந்து பார்த்தேன். உட்பக்கத்தில் தேன் நிறத்தில் மெல்லிய ஆயில் படலம் மட்டுமே இருந்தது. ஆயில் மாற்றிய தேதியை எழுதிக் கதவின் உட்சட்டத்தில் ஒட்டியிருக்கிறேன். பதினோராம் மாதம் அடுத்த மாதிரியை அனுப்பிவிட்டு, முடிவை இங்கேயே எழுதுகிறேன்.