ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் சுவரருகே ஒரு பிற்பகல்

பேஸ்பால் தொடர்பாக மறக்க இயலாத சந்திப்பு எது என்று இங்கே கேட்கப்பட்டிருந்தது. நான் எந்த வீரரையும் நேரில் சந்தித்துப் பேசியதில்லை. ஆயினும் பிட்ஸ்பர்க் நகரில் குடியேறிய முதல் ஆண்டில், அக்டோபர் 13 அன்று கண்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

அன்று பிற்பகல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகம் வழியே நடந்துகொண்டிருந்தபோது, கொடி படர்ந்த பழைய செங்கல் சுவர் ஒன்றின் அருகே பெருங்கூட்டமாக மக்கள் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்து, ஒலிபெருக்கியில் வந்த வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல அடி விழும்போதெல்லாம் கைதட்டினார்கள். பக்கத்தில் எங்கோ ஆட்டம் நடக்கிறது என்றே நினைத்தேன். ஒரு பெரியவரிடம் விசாரித்தபோதுதான், அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது 1960-ஆம் ஆண்டு இதே நாளில் நடந்து முடிந்த ஆட்டத்தின் ஒலிப்பதிவு என்று தெரிந்தது.

1909 முதல் 1970 வரை பிட்ஸ்பர்க்கின் பேஸ்பால் அணியான பைரேட்ஸ் ஆடிவந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் இடிபடாமல் எஞ்சி நிற்கும் சுவர் அது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி சாம்பியனாகும் 1960 வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணி மொத்தம் 55 ரன்கள் குவித்தது. பைரேட்ஸ் எடுத்தவை 27 மட்டுமே. அப்படியிருந்தும் தலா மூன்று வெற்றிகளோடு ஏழாவது ஆட்டத்துக்கு வந்து, கடைசிச் சுற்றான ஒன்பதாவது இன்னிங்ஸில் பில் மசெரோஸ்கி அடித்த ஹோம் ரன்னால் 10-9 என்ற கணக்கில் பைரேட்ஸ் வென்றது. பந்து சுவரைத் தாண்டியபோது மணி பிற்பகல் 3:36. ஆண்டுதோறும் அதே நிமிடத்தில் அந்த அடி ஒலிக்கும்படி கணக்கிட்டுத்தான் ஒலிப்பதிவைத் தொடங்குகிறார்கள்.

பெரியவர் தமக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். அந்த ஆட்டத்தின்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்ததாகவும், ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு வானொலியைத் திருப்பியதாகவும் சொன்னார். எல்லோரும் மசெரோஸ்கியைப் பேசுகிறார்கள். எட்டாவது இன்னிங்ஸைக் கவனித்துக் கேளுங்கள் என்றார். பைரேட்ஸ் 7-5 எனப் பின்தங்கி, இருவர் அவுட்டாகி, மூன்றாமவரும் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்துவிடும் என்ற நிலையில் ராபர்ட்டோ கிளெமென்டே ஆட வருகிறார். அவர் அடித்த பந்து வலுவின்றி, அவர் ஓடி எட்டவேண்டிய முதல் பேஸ் பக்கமாக உருள்கிறது. யாங்கீஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) முதல் பேஸுக்கு வந்து சேர்வதற்குள் கிளெமென்டே ஓடி எட்டிவிட, ஒரு ரன் கிடைத்து இன்னிங்ஸும் உயிரோடு இருக்கிறது. அடுத்து வந்த ஹால் ஸ்மித் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்கிறார். வீண் என்று எண்ணி கிளெமென்டே மெதுவாக ஓடியிருந்தால் ஸ்மித்துக்கு அந்த வாய்ப்பே வந்திருக்காது. இதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தழுதழுத்தது.

மசெரோஸ்கியின் தருணம் வந்தபோது கூட்டம் பேச்சற்றுப் போனது. பந்து வீசியவர் ரால்ஃப் டெர்ரி. வர்ணனையாளரோ ஆர்ட் டிட்மார் என்று தவறாகச் சொல்கிறார். அத்தனை பேருக்கும் அந்தத் தவறுகூட மனப்பாடம். பிறகு எழுந்த ஆரவாரத்தில் நானும் எழுந்து நின்றிருந்தேன்.

கலைந்து செல்லும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார். அவர் சிறுவயதில் சேர்த்துவைத்த பேஸ்பால் அட்டைகளில் 'பாப் கிளெமென்டே' என்று அச்சிட்டிருந்தார்களாம். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த அந்த மனிதர் தம் பெயர் ராபர்ட்டோ என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் அதை மாற்றி எழுதினார்கள் என்றும், தாமும் அப்படியே கூப்பிட்டுப் பழகியதற்கு இன்றும் வருந்துவதாகவும் அவர் சொன்னார். 1972 செப்டம்பர் 30 அன்று 3,000-ஆவது ஹிட்டை (அவுட்டாகாமல் பேஸை எட்டவைக்கும் அடி) அடித்த கிளெமென்டே, அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். வயது 38. உடல் கிடைக்கவேயில்லை.

---

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. அந்தச் சுவரிலிருந்து சில மைல் தொலைவில், லாரன்ஸ்வில் பகுதியிலுள்ள அலெகெனி கல்லறைத் தோட்டத்தில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அங்கே ஜாஷ் கிப்சன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கறுப்பின வீரர்களை அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் ஆகிய நீக்ரோ லீக் அணிகளுக்கு ஆடிய மாபெரும் பேட்டர் அவர். 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கூட ஆகுமுன் அந்தத் தடையை உடைத்து, கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கின் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். கிப்சனின் கல்லறைக்கு 1975 வரை பெயர் பொறித்த கல்கூட இல்லை.

2024 மே மாத இறுதியில் நீக்ரோ லீக் கணக்குகள் மேஜர் லீக் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, .372 என்ற வாழ்நாள் பேட்டிங் சராசரியுடன் (ஆயிரம் முயற்சிக்கு 372 ஹிட்) கிப்சன், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்த வாரத்தில் அங்கே சென்றேன். சிறு கல்தான், பெயரும் ஆண்டுகளும் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் என்ற வரியும் இருந்தன. கல்லின் மேல் யாரோ புதிய பேஸ்பால் பந்து ஒன்றை வைத்து, அதில் மையால் .372 என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பந்தைத் தொட மனம் வராமல் வெகுநேரம் நின்றேன்.

---

முதலில் எழுதிய நானே மீண்டும் வருகிறேன். கிப்சனைப் பற்றிப் படித்ததும், அதே மாதம் 11-ஆம் தேதி பைரேட்ஸின் இப்போதைய மைதானமான பிஎன்சி பார்க்கில் கண்ட ஆட்டம் நினைவுக்கு வந்தது. பால் ஸ்கீன்ஸ் என்ற இளம் பிட்சர் அன்றுதான் பைரேட்ஸ் அணிக்காக முதன்முதலாகப் பந்து வீசினார். மணிக்கு 100 மைலைத் தாண்டிய பந்துகளால் சிகாகோ கப்ஸ் பேட்டர்களை ஏழு முறை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமல் அவுட்) செய்தார். அடுத்த ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே கிடைத்தது. அன்று ஐந்தாவது இன்னிங்ஸில் பின்னால் வந்த பிட்சர்கள் தடுமாற, மழையும் கொட்டி ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. மழைக்கு ஒதுங்கியபோது என் அருகே ஒரு பெண்மணி தம் பேரனுக்கு ரைட் ஃபீல்ட் எனும் வலப்பக்கச் சுவரைக் காட்டி, அதன் உயரம் ஏன் 21 அடி என்று விளக்கிக்கொண்டிருந்தார். கிளெமென்டே அணிந்த எண் 21. அவர் காவல் காத்த திசையும் அதுவே. சிறுவன் அவர் முழுப் பெயரையும் கேட்டு, ராபர்ட்டோ கிளெமென்டே என்று ஒருமுறை திருத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அன்றும் பைரேட்ஸ் வென்றது 10-9 என்ற கணக்கில்தான்.