நவச்சாரத்தில் உலோகமே இல்லையே, அது எப்படி அயனிச் சேர்மம் ஆகும்?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை

உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம், அலோகங்கள் மட்டும் சேர்ந்தால் மூலக்கூற்றுச் சேர்மம் என்ற விதியை நம்பித் தேர்வெழுதினேன். அம்மோனியம் குளோரைடில் (அதாவது நவச்சாரத்தில்) உலோகம் இல்லாததால் அதை மூலக்கூற்றுச் சேர்மம் என்றேன், தவறு என்றார்கள். ஹைட்ரஜன் குளோரைடை நீரில் கரைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து மின்விளக்கு எரிந்ததை ஆய்வகத்தில் கண்ணால் கண்டதால் ஹைட்ரஜன் குளோரைடை அயனிச் சேர்மம் என்றேன், அதுவும் தவறாம். எதை வைத்துப் பிரிப்பது, ஐயா?

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், ஸ்ரீவைகுண்டம்

அம்மா, அந்த விதி முதல் கணிப்புக்கு மட்டுமே உதவும். கரைப்பதற்கு முன் அந்தப் பொருள் எவற்றால் ஆகியிருக்கிறது, மின்னூட்டம் கொண்ட துகள்களான அயனிகளாலா, மின்னூட்டமற்ற மூலக்கூறுகளாலா என்று கேட்டுப் பார். தூத்துக்குடி உப்பும் உடன்குடிப் பனங்கற்கண்டும் இரண்டும் படிகங்கள், இரண்டும் நீரில் கரைபவை. ஆனால் உப்பில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்து நிற்பதால் அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கற்கண்டோ முழு மூலக்கூறுகளாகவே நீரில் பிரிவதால் அதன் கரைசலில் விளக்கு எரியாது.

நவச்சாரத்தில் உலோகத்தின் இடத்தில் அம்மோனியம் அயனி இருக்கிறது. அந்த அயனிக்குள் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் பிணைப்பது எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்புதான் என்றாலும், அதற்கும் குளோரைடுக்கும் இடையே இருப்பது அயனிப் பிணைப்பு. ஹைட்ரஜன் குளோரைடு இதற்கு நேர்மாறானது: வாயுவாக இருக்கையில் மூலக்கூறு; நீரோடு வினைபுரிந்த பிறகே அயனிகள் உண்டாகின்றன. உலர்ந்த வாயுவை டொலுயீன் என்ற கரிமத் திரவத்தில் கரைத்தால் விளக்கு எரியாது.

பதில்: பாத்திரக் கடைக்காரர், தென்காசி

என் தந்தையார் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். சூடேறிய பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவியதும் வெண்புகை கிளம்பும். இவ்வளவு எளிதில் ஆவியாகும் பொருள் அயனிச் சேர்மமாக இருக்க முடியுமா, ஐயா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

நல்ல கேள்வி. வெப்பத்தில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. அவ்விரு வாயுக்களும் குளிர்ந்த காற்றில் மீண்டும் கூடி நுண்ணிய திண்மத் துகள்களாவதையே நாம் வெண்புகையாகக் காண்கிறோம். அதைச் சுவாசிப்பது நல்லதன்று.

கேள்வி: மாணவி

இப்போது விளங்குகிறது, ஐயா. அப்படியானால் உலோகம் இருந்தும் மூலக்கூறாக நடந்துகொள்ளும் சேர்மம் உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

உண்டு. நீரற்ற அலுமினியம் குளோரைடு ஏறத்தாழ 180 டிகிரியிலேயே பதங்கமாகிறது, அதாவது உருகாமல் நேரே ஆவியாகிறது. அந்த ஆவியில் இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. அழுத்தத்தில் உருக்கினாலும் அத்திரவம் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும்.