பீஸ் ஹாலில் ஒரு பக்கம் மட்டும் ஏன் மூன்று அடுக்கு?

கேள்வி:
போன வாரம் முதல்முறையாக, இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஹாலிஃபாக்ஸ் நகரில் இருக்கும் பீஸ் ஹாலுக்குப் போயிருந்தேன். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள் கொண்ட பழைய துணிச் சந்தைக் கட்டடம் அது. மேற்குப் பக்கம் இரண்டு அடுக்கு, எதிரே கிழக்கில் மூன்று. ஆனால் கூரை மட்டும் சுற்றிலும் ஒரே மட்டத்தில் ஓடுகிறது. கிழக்குப் பக்கம் பிற்பாடு சேர்த்துக் கட்டியதா? அப்புறம், துணிச் சந்தைக்குப் பெரிய கூடம் ஒன்று போதுமே, இத்தனை சின்ன அறைகள் எதற்கு?

பதில் 1:
சேர்த்துக் கட்டியது இல்லை. அந்த இடமே கிழக்கு நோக்கிச் சரிவது. கூரையைச் சமமாக வைத்து, பள்ளமான பக்கத்தில் அடியில் ஓர் அடுக்கைக் கூட்டிவிட்டார்கள். கிழக்கே நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள்: முதலில் வளைவுகள், அடுத்து சதுரத் தூண்கள், உச்சியில் உருண்டைத் தூண்கள்.

பதில் 2:
அறைகள்தான் அந்தக் கட்டடத்தின் உயிரே. யார்க்ஷயர் நெசவாளர்கள் வீட்டுத் தறியில் நெய்த கம்பளித் துணி ஒன்றுக்கு ஏறக்குறைய 30 கெஜம் நீளம். அதற்குப் பெயர்தான் பீஸ். 1779 ஜனவரி 1 அன்று திறந்தபோது, அந்தத் துணிகளை வைத்து விற்க 315 அறைகள். சனிக்கிழமை காலை 10 மணிக்கு மணி அடித்தால் வியாபாரம் தொடங்கும், 12 மணிக்கு முடிந்துவிடும். மலைச்சரிவுக் குடிசையில் நாள் நாளாக நெய்தது, அந்த இரண்டு மணி நேரத்தில் விலை போயாக வேண்டும்!

நான் மேல் அடுக்கில் ஓர் அறை வாசலில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். ஒரு கதவு, பக்கத்தில் ஒரு ஜன்னல், இரண்டும் முற்றத்தைப் பார்த்தபடி. வெளிப்பக்கம் முழுக்க வெறும் கல் சுவர். சரக்குக்குப் பாதுகாப்பு அதுதான். துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இழையைத் தடவிப் பார்த்து விலை பேசியிருப்பார்கள். எனக்கு அந்தத் தூண் வரிசையைவிட இந்தச் சின்ன வாசல்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

பதில் 3:
மேலே சொன்னதோடு ஒன்று. ஆலைகளும் இயந்திரத் தறிகளும் வந்ததும் வியாபாரிகள் நேரே ஆலைக்கே போய்விட்டார்கள், அறைகள் காலியாகின. 1868-இல் நகர நிர்வாகத்தின் கைக்கு வந்து, 1871 முதல் காய்கறி, பழ மொத்தச் சந்தை. நூறு வருஷம் அப்படி ஓடிய பிறகு இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. 1972-இல் நகர மன்றத்தில் ஒரே ஒரு ஓட்டில் தப்பியது. நினைத்தாலே பதறுகிறது. பெரிய சீரமைப்பு முடிந்து 2017 ஆகஸ்ட் 1 அன்று மறுபடி திறந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒரே ஓட்டா! சரி, சனிக்கிழமை 10 மணிக்கு அங்கே இருப்பேன். இந்தத் தடவை நேராக மேல் அடுக்குக்கு, ஓர் அறை வாசலுக்கு.